40 நிமிடக் காற்றும் 160 புள்ளிகளும்

பவளத்திட்டைக் கணக்கெடுக்க இறங்கும் ஒருவருக்குத் தண்ணீருக்கடியில் கிடைப்பது ஏறக்குறைய 40 நிமிடம். அந்த நேரத்துக்குள் எடுத்த கணக்கு, அடுத்த வருடம் அதே இடத்தில் வேறொருவர் இறங்கி எடுக்கும் கணக்கோடு ஒப்பிடும்படி இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் திட்டு தேறியதா, தேய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. 1997 முதல் பல நாடுகளில் நடந்துவரும் ரீஃப் செக் முறையைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். அதை எப்படிச் செய்கிறோம், எங்கே சறுக்கும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

இந்த வேலைக்குப் பொழுதுபோக்கு ஸ்கூபா சான்றிதழ் மட்டும் போதாது. அறிவியல் டைவிங்குக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.யு.எஸ்.-இன் தரத்தின்படி அறிவியல் டைவர் ஆவதற்கு 100 மணி நேரப் பயிற்சியும் 12 திறந்தநீர் டைவ்களும் வேண்டும். ஐரோப்பிய அறிவியல் டைவர் தகுதிக்கு 70 டைவ்கள். எண்ணிக்கையை விட நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது ஒன்று: மணல் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அசையாமல் மிதந்தபடி, ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) தரையைத் தொடாமல், தண்ணீருக்கடியில் எழுதும் பலகையான சிலேட் முழுக்க எழுதி முடிக்க முடிகிறதா? எழுதத் தொடங்கியதும் மூச்சு தாறுமாறாகி உடல் ஏறி இறங்கினால், அவருக்கு இன்னும் மணல் தரையில்தான் பயிற்சி. பவளத்தின் மேல் அனுப்புவதில்லை. கிளைப்பவளம் ஒரே ஒரு ஃபின் அடியில் ஒடிந்துவிடும்.

மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டும் ஈயக் கட்டியின் எடையை டைவின் தொடக்கத்தில் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. அதில் 150 பாரைச் செலவழித்து முடிக்கும்போது சிலிண்டர் 2 கிலோவுக்கு மேல் லேசாகிவிடும். அலுமினிய சிலிண்டராக இருந்தால் அதுவே மிதக்கப் பார்க்கும். அதனால் 50 பார் மீதம் இருக்கும்போது 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்துத்தான் எடையை முடிவு செய்ய வேண்டும்.

காற்றுக் கணக்கையும் கரையிலேயே போட்டுவிட வேண்டும். 8 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.8 பார். சும்மா நீந்துபவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார். அளவு நாடா பிடித்து எழுதிக்கொண்டிருப்பவருக்கு 25 என்று வைத்துக்கொள்வதே நல்லது. 25-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 45 லிட்டர். 50 பாரை மீதமாக ஒதுக்கினால் கையில் இருப்பது 1,800 லிட்டர், அதாவது 40 நிமிடம். நீரோட்டம் இருந்தால் அதுவும் குறையும். எனவே ஒரே ஜோடி எல்லாவற்றையும் செய்வதில்லை: நாடா விரிக்க ஒரு ஜோடி, மீனை எண்ண ஒரு ஜோடி, தரையில் இருப்பதை எழுத ஒரு ஜோடி. 100 பாரில் ஒருவருக்கொருவர் கைசாடை காட்டிக்கொள்வது கட்டாயம்.

நாடா 100 மீட்டர், கண்ணாடியிழையில் செய்தது. உலோக நாடா துருப்பிடித்துச் சுருள் இறுகிவிடும். ஒரே ஆழத்தில், திட்டின் வளைவோடு விரித்துப் போக வேண்டும். 8 மீட்டரில் தொடங்கி 11 மீட்டரில் முடிந்தால் இரண்டு வேறு வாழிடங்களை ஒன்றாகக் கலந்துவிட்டோம் என்று பொருள். சில மீட்டருக்கு ஒருமுறை இறந்த பாறையின் இடுக்கில் நாடாவைச் செருகி இறுக்கிக்கொள்கிறோம். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு மேடுகளுக்கு நடுவே நாடா அந்தரத்தில் தொங்கி, ஒவ்வொரு அலைக்கும் அரை மீட்டர் இந்தப் பக்கம், அரை மீட்டர் அந்தப் பக்கம் என்று ஊசலாடும். 12.5 மீட்டர் புள்ளி கல்லின் மேல் இருக்கிறதா, மணலின் மேல் இருக்கிறதா என்று அப்போது சொல்லவே முடியாது. தொடக்கத்திலும் முடிவிலும் முறுக்குக் கம்பி அடித்து அடையாளம் வைக்கிறோம், அதுவும் இறந்த பாறையில் மட்டும். ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். கம்பியும் திசைகாட்டிக் கோணமும் சேர்ந்தால்தான் மறுவருடம் அதே கோட்டைப் பிடிக்க முடியும்.

நாடா விரித்தபின் 15 நிமிடம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. கலைந்த மீன்கள் திரும்பி வர அந்த நேரம் தேவை. மீன் ஜோடிதான் முதலில் போக வேண்டும். தரை ஜோடி முந்திவிட்டால் பெரிய களவா மீன்கள் ஒதுங்கிவிடும், கணக்கில் சின்ன மீன்களே மிஞ்சும். நாடாவின் இருபுறமும் 2.5 மீட்டர், மேலே 5 மீட்டர் உயரம் என்று ஒரு குழாய் போல மனதில் வைத்து மெதுவாக நீந்துகிறோம். பின்னாலிருந்து வந்து முந்திப் போகும் மீனை எண்ணுவதில்லை. எண்ணினால் அதே மீனை மூன்று முறை எழுதிவிடுவோம்.

மீனின் நீளத்தைக் கணிப்பதில்தான் மிகப் பெரிய பிழை நுழைகிறது. முகக் கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், 30 செ.மீ. மீன் 40 செ.மீ. போல இருக்கும். எடையோ ஏறத்தாழ நீளம் × நீளம் × நீளம் என்ற கணக்கில் கூடும். நீளத்தை 10 சதவீதம் கூட்டி எழுதினால் எடை 33 சதவீதம் கூடிவிடும். 30-ஐ 40 என்று எழுதிவிட்டால் மீனின் எடை இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். இதற்காக வெவ்வேறு நீளத்தில் வெட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, தூரத்திலிருந்து கணித்துப் பழகுகிறோம். கண்ணுக்கு வந்த பழக்கம் சீக்கிரம் போய்விடும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மறுபடி பழக வேண்டும்.

அடுத்து தரை. 20 மீட்டர் துண்டு, 5 மீட்டர் இடைவெளி, மறுபடி 20 என்று நான்கு துண்டுகள்: 0 முதல் 19.5, 25 முதல் 44.5, 50 முதல் 69.5, 75 முதல் 94.5. அரை மீட்டருக்கு ஒரு புள்ளி, துண்டுக்கு 40, மொத்தம் 160. நான்கையும் தனித்தனி மாதிரியாகக் கணக்கிடவே அந்த இடைவெளி. ஒவ்வொரு புள்ளியிலும் நூலில் கட்டிய சின்ன நட்டைத் தொங்கவிட்டு, அது எதைத் தொடுகிறதோ அதை மட்டும் எழுதுகிறோம். நட்டு இல்லாமல் கண்ணால் குறி பார்த்தால் பார்வை அழகான பவளத்தின் பக்கமே சாயும். தெரிந்தே யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் நடக்கிறது.

குழப்பம் வரும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். துகளின் அளவு அரை செ.மீ.க்குக் கீழே என்றால் மணல். அரை முதல் 15 செ.மீ. வரை சல்லி, அதற்கு மேல் பாறை. பாறைமேல் மெல்லிய பாசி படர்ந்திருந்தாலும் அது பாறைதான். கையால் லேசாகக் கலக்கினால் உடனே படிவது மணல், புகைபோல மிதந்து நிற்பது வண்டல்.

இவற்றை விட ஆபத்தான பிழை வெளிறிய பவளத்தில் நடக்கிறது. வெள்ளையாக இருப்பதாலேயே அது செத்ததாகிவிடாது. நெருங்கிப் பார்த்தால் கண்ணாடி போன்ற மெல்லிய சதையும் அதில் பவளத்தின் சின்னஞ்சிறு உயிரிகளான பாலிப்புகளும் தெரியும். தன் சதைக்குள் வாழ்ந்து நிறம் தந்த பாசியை இழந்த, இன்னும் உயிருள்ள பவளம் அது. அதைக் கடினப்பவளம் என்றே எழுதி, வெளிறியது என்று ஓரத்தில் குறிக்கிறோம். சதை இல்லாமல், பாலிப்புகள் இருந்த குழிகளின் வடிவம் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால் அண்மையில் இறந்தது. சில நாட்களிலேயே அதன்மேல் பாசி படரத் தொடங்கும். முழுக்க மூடி, வடிவமும் மழுங்கிவிட்டால் அது பாறைக் கணக்கில் சேரும். வெப்ப அலை நேரத்தில் உயிருள்ளதை இறந்தது என்று எழுதிவிட்டால், தண்ணீர் குளிர்ந்து நிறம் திரும்பும்போது செத்த பவளம் பிழைத்ததாக அடுத்த கணக்கு சொல்லும். அந்தப் பொய்யை வைத்துத்தான் பாதுகாப்பு முடிவுகளை எடுப்பார்கள். வலிக்கிற விஷயம் இது.

மாதத்துக்கு ஒருமுறையாவது இரண்டு பேர் ஒரே 20 மீட்டரைத் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பார்க்கிறோம். 40-இல் நான்குக்கு மேல் வேறுபட்டால் இருவரும் சேர்ந்து அந்தப் புள்ளிகளுக்கே திரும்பிப் போய்ப் பார்க்கிறோம்.

எழுத முழுக் கிராஃபைட் குச்சிதான் நல்லது. மரப் பென்சில் ஊறிப் பிளக்கும். இரண்டு குச்சிகள், இரண்டும் ரப்பர் குழாயால் சிலேட்டில் கட்டியிருக்க வேண்டும். தேதி, இடம், ஆழம், எழுதுபவர் பெயர் ஆகியவற்றைப் படகிலேயே எழுதிவிட வேண்டும். பார்த்தும் எதுவும் இல்லாத கட்டத்தில் 0 எழுத வேண்டும். வெற்றாக விட்டால் பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது.

தரை ஜோடியே நாடாவைச் சுருட்டிக்கொண்டு வரும். எங்காவது சிக்கினால் இழுக்கக் கூடாது, நீந்திப் போய் விடுவிக்க வேண்டும். மேலேறுவது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று. பல டைவ்கள் முடித்தவர்கள் 18 மணி நேரம் விமானம் ஏறுவதில்லை.

கரைக்கு வந்ததும் நாடாவையும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டரையும் நல்ல தண்ணீரில் ஊற வைத்துவிட்டு, சிலேட்டைப் படம் எடுக்கிறோம். அன்று மாலையே ஒருவர் வாசிக்க, ஒருவர் கணினியில் ஏற்றுகிறார். ஒவ்வொரு துண்டிலும் 40 வருகிறதா என்று கூட்டிப் பார்க்கிறோம். 39 வந்தால் எந்தப் புள்ளி விட்டுப்போனது என்று எழுதியவருக்கு அன்றைக்கு மட்டும்தான் நினைவிருக்கும். படமும் கோப்பும் இரண்டு இடங்களில் சேமித்த பிறகே தேய்ப்பானை எடுத்துச் சிலேட்டை அழிக்கிறோம்.