கோரைப்பல் இருந்தால் அரக்கனா?

பழைய ஆயுதங்கள் ஏலத்துக்கு வரும்போது அவற்றுக்கு விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. இந்தோனேசியக் குத்துவாளான கிரிஸ் என்றால் இரும்பைப் பற்றி எழுத வேறு ஆட்கள் உண்டு. பிடியில் செதுக்கியிருப்பது யார் என்ற கேள்வி மட்டும் என் மேசைக்கு வந்துவிடும். இராமாயணமும் பாரதமும் தெரிந்தவன், பார்த்ததும் சொல்லிவிடுவான் என்று ஒரு நினைப்பு.

பாலித் தீவுப் பிடிகளில்தான் முழு உருவத்தை அதிகம் பார்க்கலாம். மரத்திலும் தந்தத்திலும் செய்வார்கள். அரச குடும்பத்துக்கு என்றால் பொன் தகட்டில் கல் பதித்திருக்கும். பிதுங்கிய கண், கோரைப்பல், உடம்பெல்லாம் ஆபரணம். இவற்றோடு வரும் பழைய அட்டைகளில் பெரும்பாலும் 'அரக்கன்' என்று ஒரே சொல். பல்லைப் பார்த்ததும் எழுதிவிட்டார்கள். பாலியில் தேவர்களுக்கும் கோரைப்பல் வைப்பார்கள். அதனால் நான் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கை.

கையில் சிறு குடம் இருந்தால் அது அமிர்தக் குடமாக இருக்கலாம். அப்போது பாயு, அதாவது நம் வாயு பகவான், என்று எழுதத் துணிவு வரும். பூமொட்டு போன்ற ஒன்றைப் பிடித்திருந்தால் அந்த உருவ வகையை வியாபாரிகள் நவசாரி என்பார்கள். அப்புறம் கட்டைவிரல். நீண்டு வளைந்த நகம் இருந்தால் அது பஞ்சநகம். வயாங் நிழற்கூத்தில் பாயு, அவர் பிள்ளைகளான பீமன், அனுமன் எல்லோருக்கும் அந்த நகம் உண்டு. ஆக, நகம் குடும்பத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைப் பிரிக்க வாலையும் நண்டுக் கொடுக்குப் போல மேலே சுருண்ட கொண்டையையும் தேட வேண்டும். தேய்ந்த பிடியில் அவை இரண்டும்தான் முதலில் மழுங்கியிருக்கும்!

பீமனை நான் எளிதில் தள்ளிவிடுவதில்லை. மத்திய ஜாவாவில் லாவு மலைச்சரிவில் சுகு என்ற 15ஆம் நூற்றாண்டுக் கோயில் இருக்கிறது. அங்கே ஒரு புடைப்புச் சிற்பம்: ஒரு பக்கம் ஆயுதம் வடிக்கும் கொல்லன், நடுவில் ஆடும் யானைமுகன், மறுபக்கம் துருத்தி இயக்குபவன். கொல்லனைப் பீமன் என்றும் துருத்திக்காரனை அர்ஜுனன் என்றும் ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். கொல்லுப்பட்டறையில் கணபதியா என்று நமக்குத் தோன்றும். நாம் கேட்டு வளர்ந்த பாரதத்தில் இந்தக் காட்சி கிடையாது. அங்கே அந்தக் கதைகள் தனி வாழ்க்கை வாழ்ந்திருக்கின்றன. நம் ஊர் உருவ இலக்கணத்தை அங்கே பொருத்திப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும்.

ஜாவாவின் வழக்கமான பிடிகளில் அந்தச் சிக்கலே இல்லை. இஸ்லாம் பரவிய பிறகு உருவம் அருவமாகிவிட்டது என்பார்கள். சற்றே குனிந்த வழவழப்பான மரம், உட்பக்கம் இரண்டு சிறு செதுக்கல், அவ்வளவுதான். அதிலும் கண்ணையும் மூக்கையும் தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிடி கழற்றி மாட்டக்கூடியது என்பதையும் மறக்கக்கூடாது. பாலி அரசுகளான பாதுங்கில் 1906இலும் குளுங்குங்கில் 1908இலும் டச்சுப் படையெடுப்புகள் நடந்து, பாலிக் கிரிஸ்கள் பல ஐரோப்பாவுக்குப் போயின. குளுங்குங் கிரிஸ் ஒன்றைத் திருப்பித் தர நெதர்லாந்து 2023இல்தான் முடிவு செய்தது. இப்படிக் கைமாறியவற்றில் கத்தியின் அலகு ஓர் ஊர், பிடி ஓர் ஊர் என்று இருக்கலாம். அலகின் வயதைப் பிடியிலுள்ள தெய்வத்துக்குக் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை.

அதிக வாக்குவாதம் வருவது ஜாவா தெமாம் வகைப் பிடியில்தான். சுமத்ராவிலும் மலாய் நாட்டிலும் காண்பது. கைகளை உடம்போடு கட்டிக் குனிந்த உருவம், தலை மட்டும் பறவைச் சாயல். பழைய ஐரோப்பிய நூல்களில் கருடன் என்று போட்டிருப்பார்கள். நான் 'குனிந்த உருவம், பறவை முகச் சாயல்' என்று எழுதினேன். உரிமையாளர் போனில் கூப்பிட்டார்.

"கருடன்னு போட்டா என்ன சார் குறைஞ்சிடும்?"

"ஒண்ணும் குறையாது, விலைதான் ஏறும். அதனாலதான் யோசிக்கிறேன்" என்றேன். சரி என்று வைத்துவிட்டார். கிரிஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறோர் ஏலக்காரரிடம் கொடுத்தார். அவர்கள் பட்டியலில் கருடன் என்றே அச்சானது.