கப்பல் சாப்பாட்டுக் கூடத்துக்கு வேட்டியில் போன கதை

"ராத்திரி டின்னருக்குக் கோட்டு, டை இல்லாம உள்ள விட மாட்டாங்க சார்" என்று டிராவல்ஸ்காரர் போனில் சொன்ன அன்றைக்கே, என் வீட்டுக்காரர் கப்பல் பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு எழுபது வயது. கூட்டுறவு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த காலமெல்லாம் பேண்ட்தான் போட்டார். ஓய்வு பெற்ற பிறகு வேட்டிக்கு மாறியவர், தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் போனாலும் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனாலும் வேட்டிதான். முழங்கால் வீக்கத்தோடு ஒற்றைக் காலில் நின்று பேண்ட் மாட்டுவது அவருக்குப் பெரிய பாடு. அதனால் அவர் சொன்னதை வெறும் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் ஏற்பாடு செய்த பயணம் அது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்து, நான்கு இரவு கழித்துத் திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும். விசா, டிக்கெட் எல்லாம் மகளே பார்த்துக்கொண்டாள். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால், ஒரு தடவைக்கு மேல் உள்ளே நுழைய அனுமதிக்கும் விசாவா என்று மட்டும் சரிபார்க்கச் சொன்னேன். மற்றதெல்லாம் சுலபமாக முடிந்தது. உடை விஷயத்தில்தான் மூன்று வாரம் போனது.

டிராவல்ஸ்காரர் அனுப்பிய தாளில் இரண்டு சொல் இருந்தன. மூன்று இரவுக்கு 'ஸ்மார்ட் கேஷுவல்', ஓர் இரவுக்கு 'ஃபார்மல்'. முதலாவதற்குக் காலர் வைத்த சட்டையும் முழு பேண்ட்டும் என்று விளக்கம். இரண்டாவதற்குக் கோட்டு. பெண்களுக்கு நீள கவுன் அல்லது பாவாடை, மேல்சட்டை. சேலை என்ற சொல்லும் இல்லை, வேட்டி என்ற சொல்லும் இல்லை. பயத்தில் சேலத்துக்குப் போய்க் கோட்டுத் துணி எடுத்துத் தைக்கவே கொடுத்துவிட்டோம். அந்தப் பணம் செலவழிந்திருக்கவே வேண்டாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார். "ஏம்மா, ஜட்ஜையே வேட்டி கட்டினதுக்கு வெளிய அனுப்பினாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். 2014இல் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே ஆண்டில், வேட்டி கட்டி வருகிறவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டமன்றத்தில் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் நம் மாநிலத்தோடு சரி, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் செல்லாது. ஆனால் அவர் பேச்சு எனக்கு ஒரு வழி காட்டியது. இடையில் இருக்கிறவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதிலாகக் கப்பல்காரர்களையே நேராகக் கேட்டால் என்ன?

மகளை விட்டு அன்று ராத்திரியே மெயில் எழுத வைத்தேன். "என் தந்தை தென்னிந்தியாவின் மரபு உடையான வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அணிவார், என் தாய் பட்டுச் சேலை அணிவார், சாப்பாட்டுக் கூடத்தில் எல்லா இரவும் இதை ஏற்பீர்களா?" என்று நேரடியாகக் கேட்டோம். வேட்டி கட்டிய அவருடைய போட்டோ ஒன்றையும் சேர்த்தோம். வேட்டி என்றால் என்னவென்று தெரியாத யாரோ ஒருவர் இடுப்புத் துண்டு என்று நினைத்துவிடக் கூடாதே. மூன்றாம் நாள் பதில் வந்தது. எந்த நாட்டின் மரபு உடையானாலும் ஃபார்மல் இரவிலும் ஏற்போம் என்று நான்கே வரி. அதைப் பிரிண்ட் எடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொண்டேன். பல கப்பல்களில் இப்படித்தான் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் கப்பலுக்குக் கப்பல் மாறும், அதனால் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அதே மெயிலில் சாப்பாட்டையும் கேட்டோம். நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன். அவர் கோழி, ஆடு, மீன் சாப்பிடுவார், மாடும் பன்றியும் சேர்க்க மாட்டார். வெளிநாட்டில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும், அதனால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்தியச் சைவச் சாப்பாடு செய்து தருகிறார்கள்.

இன்னொரு முடிவு சாப்பிடும் நேரம். பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பந்தி. முதல் பந்தி மாலை ஐந்தே முக்காலுக்கு, இரண்டாவது எட்டு மணிக்கு. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. வீட்டில் ஏழு மணிக்கு மாத்திரை போட்டுச் சாப்பிடுகிறவர், எட்டு மணிப் பந்தியில் உட்கார்ந்தால் தட்டு வர எட்டரையாகிவிடும் என்று முதல் பந்தியையே எடுத்தோம். ஒன்றை மறந்துவிட்டோம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே ஐந்தே முக்கால் என்றால் அவர் உடம்புக்கு மூன்றேகால் மணி. முதல் நாள் பசியே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கிளம்புவதற்கு முன் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு வைத்திருந்ததால் குழப்பம் இல்லாமல் போயிற்று. இதைக் கேட்காமல் யாரும் போகாதீர்கள்.

பெங்களூர் வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தோம். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு ஸ்கேன் செய்தார்கள். எங்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லி, வேட்டி தேய்க்க வைத்திருந்த சின்ன அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். தீப்பிடிக்கும் பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் அயர்ன் பாக்ஸும் மின்சாரக் கெட்டிலும் கூடாது. இறங்கும் நாளில் திருப்பித் தந்துவிட்டார்கள். உள்ளே சலவைக்குப் போட்டால் ஒவ்வொரு துணிக்கும் டாலரில் பணம். கஞ்சி போட்ட பருத்தி வேட்டி நான்கைந்து எடுத்துப் போன எனக்கு அப்போதுதான் தவறு புரிந்தது. பாலியஸ்டர் கலந்த வேட்டி இரண்டும் பட்டு வேட்டி ஒன்றும் போதும். இடுப்பில் வெல்க்ரோ வைத்ததாக இருந்தால் மேல்தளக் காற்றுக்குப் பயமில்லை.

பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. கைப்பையில் மாத்திரைகளும் அன்றைய இரவுக்கு ஒரு சட்டை, வேட்டி, சேலையும் வைத்திருந்தது உதவியது. அதற்கு முன்பே எல்லோரையும் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். ஏழு தடவை சின்னதாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினால் அபாயம், இந்த இடத்துக்கு வர வேண்டும் என்று காட்டினார்கள். எங்களுக்குக் காட்டிய இடம் அந்தச் சாப்பாட்டுக் கூடமே. பகல் வெளிச்சத்தில், மேசை விரிப்புகூட இல்லாமல், வயசானவர்கள் பலர் செருப்போடு உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன். "கல்யாண மண்டபம் மாதிரிதானே இருக்கு" என்றார்.

அன்று மாலை வெள்ளை வேட்டி, நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டையோடு போனோம். வாசலில் நின்ற பெண் கையைச் சுத்தம் செய்ய மருந்து தெளித்து, அட்டையைப் பார்த்து, மேசை எண்ணைச் சொல்லி அனுப்பினார். மெயில் பிரிண்ட் என் கைப்பையிலேயே இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அரைக்கால் டவுசரோடு வந்த ஓர் இளைஞரைத்தான் மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். கையில்லாத பனியன், நீச்சல் உடை, ரப்பர் செருப்பு, தொப்பி இவைதான் அங்கே தடை. நம் ஊர் விருந்திலும் பெரியவர்கள் முன்னால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடுவோமே, அந்த மரியாதைதான் இதுவும் என்று அவருக்குப் பட்டது. கூடத்தில் ஒரு தடவைகூட அவர் வேட்டியை மடித்துக் கட்டவில்லை.

எங்கள் மேசையில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த தமிழ்த் தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா என்னை "அக்கா" என்று கூப்பிட்டு, முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று முகம் கோணாமல் சொல்லிக்கொடுத்தார். பரிமாறிய கோவாக்காரத் தம்பி, "அங்கிள், சப்பாத்தியைக் கையாலேயே சாப்பிடுங்க" என்று இந்தியில் சொல்ல, மகள் மொழிபெயர்த்தாள். அடுத்த நாள் மெனுவை முந்தின இரவே காட்டிச் சோறு, பருப்பு, தயிர், காய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ரசம் கிடைக்கவில்லை. களி நினைப்பு மூன்றாம் நாள் அவருக்கு வந்துவிட்டது. இந்தக் கூடத்தில் எவ்வளவு சாப்பிட்டாலும் தனிக் காசு இல்லை. சில சிறப்பு உணவகங்களுக்கும் பாட்டில் பானங்களுக்கும் மட்டும் தனியாக எழுதுகிறார்கள்.

எனக்கு அங்கே இருந்த ஒரே சங்கடம் குளிர். ஏசி எலும்பில் இறங்கியது. பட்டுச் சேலையின் மேல் கைத்தறிச் சால்வை போர்த்தித்தான் நான்கு இரவும் சாப்பிட்டேன். வயசானவர்கள் கட்டாயம் சால்வை எடுத்துப் போக வேண்டும்.

காலைக்கும் மதியத்துக்கும் மேல்தளத்து பஃபே. அங்கே உடைக் கட்டுப்பாடு மிகக் குறைவு, எப்போது வேண்டுமானாலும் போகலாம். தட்டை ஏந்திக்கொண்டு கூட்டத்தில் நடப்பது முழங்கால் வலிக்காரருக்குச் சிரமம். அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னால் தட்டை மேசைக்கே கொண்டு வந்து தருகிறார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஃபார்மல் இரவில் அலங்காரம் பண்ணத் தெம்பு இல்லாதவர்கள் அன்றும் பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம். இதையும் டிராவல்ஸ்காரர் எங்களுக்குச் சொல்லவில்லை.

பினாங்கில் துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே லிட்டில் இந்தியா. 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, தெருவில் ஓர் ஓட்டலில் இட்லியும் ரசமும் சாப்பிட்டோம். அவர் இரண்டு டம்ளர் ரசம் குடித்தார். கப்பல் சாப்பாட்டை, பழத்தைக்கூட, கரைக்கு எடுத்துப் போகக் கூடாது. புக்கெட்டில் கப்பல் நடுக்கடலில் நின்றுவிட, சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். ஆடும் படகில் சேலைக் கொசுவம் காலில் சிக்கும் என்று அன்று மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். அவரும் அன்று ஒரு நாள் மட்டும் இடுப்பில் ரப்பர் வைத்த பேண்ட் போட்டார். அடியில் நல்ல பிடிப்புள்ள செருப்பு இருவருக்கும் தேவைப்பட்டது.

ஃபார்மல் இரவு நான்காவது நாள் வந்தது. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, மகள் கல்யாணத்துக்குப் போட்ட அதே அங்கவஸ்திரம். நான் அரக்குப் பட்டு கட்டினேன். கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே அவர் மெதுவாகக் கைத்தடி ஊன்றி நடந்து போனார். பக்கத்து மேசை ஆஸ்திரேலியப் பாட்டி எழுந்து வந்து ஜரிகையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அவர் தலையாட்டி, கரையை விரித்துக் காட்டினார். அந்த போட்டோதான் இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது.

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அக்காவும் மாமாவும் அடுத்த வருஷம் போகிறார்கள். எங்கள் கோட்டு மாமாவுக்குச் சரியாக இருக்குமா என்று அக்கா போனில் கேட்டாள். கோட்டு வேண்டாம், அந்த மெயிலை உனக்கு அனுப்புகிறேன், அதே மாதிரி உன் கப்பலுக்கும் எழுது, மாமா ராத்திரி எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறார் என்று மட்டும் முதலில் சொல்லு என்றேன்.