மண்ணெண்ணெய் சுமந்த காலம்

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் என்னை "ஏர்ஃபோர்ஸ் சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதிதாகக் குடிவருபவர்கள் லிஃப்ட்டில் கேட்கும் முதல் கேள்வி, "மிக் ஓட்டினீங்களா சார்?" இல்லை, ஹெலிகாப்டர் என்றதும் முகம் லேசாக வாடும். கோவையில் இது இன்னும் கஷ்டம். சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருக்கிறது, தேஜஸ் போர் விமானம் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகிறது. அதைப் பார்த்த கண்ணுக்கு நான் எம்மாத்திரம்?

என் பேத்தி ஒருபடி மேலே போனாள். "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" யாரையும் சுடலைடா, மண்ணெண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றேன். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அதுதான் உண்மை. அமராவதிநகர் சைனிக் பள்ளி, கடக்வாஸ்லா ராணுவ அகாடமி, துண்டிகல் விமானப்படை அகாடமி என்று வழக்கமான பாதையில் வந்தவன் நான். துண்டிகலில் யார் ஃபைட்டர், யார் டிரான்ஸ்போர்ட், யார் ஹெலிகாப்டர் என்று பிரித்தார்கள். நான் ஹக்கீம்பேட்டைக்கு ஹெலிகாப்டர் கற்கப் போனேன். அப்போது கொஞ்சம் வருத்தம் இருந்தது. முதல் தடவை ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்த அன்றைக்கே அது போய்விட்டது. அப்புறம் சர்வீஸ் முழுக்க நான் ஆகாயத்து லாரி டிரைவர்தான்.

சியாச்சின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1984 ஏப்ரல் 13 அன்று ஆபரேஷன் மேகதூத் தொடங்கி நம் ஆட்கள் மேலே ஏறி உட்கார்ந்தார்கள். அன்று முதல் அவர்களுக்குச் சோறும் நெருப்பும் போய்ச்சேர வேண்டுமே! எனக்கு லடாக்கில் உள்ள லே நகருக்குப் போஸ்டிங் வந்தது 1986இல். ஓட்டியது சீட்டா ஹெலிகாப்டர். பிரெஞ்சுக்காரர்கள் 'லாமா' என்று வடிவமைத்ததை நம் ஹெச்.ஏ.எல். பெங்களூரில் தயாரித்தது. பார்க்க ஒன்றுமே இருக்காது. முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ், பின்னால் வெறும் கம்பிச் சட்டம். ஆனால் 1972இல் ஷான் பூலே என்ற பிரெஞ்சு பைலட் இதே லாமாவில் 12,442 மீட்டர் உயரம் போனார். ஹெலிகாப்டர்களின் உலக உயரச் சாதனை அது. அந்த உயரத்தில் எஞ்சின் அணைந்து, மறுபடி பற்றாமல், விசிறி காற்றில் சுழலும் வேகத்திலேயே மனுஷன் கீழே வந்து இறங்கினார். எங்கள் மெஸ்ஸில் அந்தக் கதையைச் சொல்லாத பைலட் கிடையாது.

20,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இருக்காது. மனுஷனுக்கு மூச்சு வாங்குகிற மாதிரியே எஞ்சினுக்கும் வாங்கும், விசிறிக்கும் பிடிமானம் இருக்காது. அதனால் எடைதான் எல்லாமே. எரிபொருளை அளந்து ஊற்றுவோம். வேண்டாததைக் கழற்றி வைப்போம். அதற்கப்புறமும் உச்சியில் உள்ள போஸ்ட்டுக்கு ஒரு தடவையில் கொண்டுபோக முடிவது ஒரே ஒரு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய், 20 லிட்டர். ஹெலிகாப்டரில் எரிவதும் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான். ஒரு கேன் கொடுக்கப் பல கேன் எரியும். கணக்குப் பார்ப்பவர்களுக்கு வயிறும் சேர்ந்து எரியும். ஆனால் மேலே அந்த ஒரு கேன் இல்லையென்றால் பனியை உருக்க முடியாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. சுற்றிலும் பனி, நாக்கில் ஈரமில்லை.

விடியும் முன்பே எழுந்துவிடுவோம். நேரமாக ஆகக் காற்று கிளம்பிவிடும், வெயில் ஏறினால் தூக்கும் சக்தியும் குறையும். எப்போதும் ஜோடியாகத்தான் போவோம். ஒன்று விழுந்தால் மற்றொன்று தேட வேண்டுமே. ஹெலிபேட் என்பது நம் வீட்டு ஹால் அளவு பனித் திட்டு. சுற்றியுள்ள பனி உருகி இறங்க, அது மட்டும் மேடையாக நிற்கும். அதில் இறங்கி எஞ்சினை அணைக்கவே மாட்டோம். அணைத்தால் மறுபடி பற்றுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் இல்லை. கதவு திறக்கும், கேன் இறங்கும், ஆள் ஏறுவான், கிளம்பிவிடுவோம். அரை நிமிஷ வேலை. ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் என் மூச்சு எனக்கே கேட்கும்.

கீழே வரும்போது பெரும்பாலும் நோயாளி இருப்பார். பனிக்கடியால் விரல் கறுத்தவர்கள், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுபவர்கள். நுரையீரல் கேஸ்களுக்கு முதல் மருந்தே கீழே இறக்குவதுதான். மேலே ஏறும்போது நீலம் பூத்திருந்த உதடு, பேஸ் கேம்ப் வருவதற்குள் கொஞ்சம் நிறம் திரும்பும். கண்ணாடியில் அதைப் பார்ப்பேன்.

ஒரு நாள் கேனை வாங்க வந்த பையன், என் சூட்டில் எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டுக் கதவிடுக்கில் தலையை நீட்டினான். விசிறிச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது: "சார், தமிழா?" தலையை ஆட்டினேன். சட்டென்று கையுறையைக் கழற்றிவிட்டு, உள்சட்டையிலிருந்து ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்து என் தொடைப் பைக்குள் திணித்தான். முகமெல்லாம் அடுப்புக் கரி, பல் மட்டும் வெள்ளை. கடிதம் சங்கரன்கோவில் பக்கத்து கிராமத்துக்கு. என் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், பக்கம்தான். அன்றே தபாலில் சேர்த்தேன். அடுத்த லீவில் வாங்கிவந்த பால்கோவாவில் பாதியை அந்த போஸ்ட்டுக்கு அனுப்பினேன். அது லே வருவதற்குள்ளேயே கல்லாகிவிட்டிருந்தது. பேனாக்கத்தியால் செதுக்கித் தின்றார்களாம்.

1987 ஜூனில் பாணா சிங் சியாச்சினில் பாகிஸ்தான் கையிலிருந்த உச்சி போஸ்ட்டைப் பிடித்தாரே, அதற்கும் ஆட்களை இரண்டு இரண்டு பேராக மேலே சேர்த்தது சீட்டாதான். அதே வருஷம் என்னோடு படித்த சிலர் அமைதிப்படையோடு இலங்கையின் பலாலிக்குப் போனார்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, இங்கே எழுதப்போவதில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். லேக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அப்பா அம்மாவோடு இருந்தார்கள். பெரியவளுக்கு நாலு வயசு, சின்னவன் கைக்குழந்தை. ஊர் வீட்டில் அப்போது கேஸ் கிடையாது, பம்ப் ஸ்டவ். நான் அங்கே கோடி ரூபாய் இயந்திரத்தில் 20 லிட்டர் மண்ணெண்ணெயை மேகத்துக்கு மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். இங்கே இவள் இடுப்பில் பிள்ளையோடு ரேஷன் கடை வரிசையில் கேனை வைத்துக்கொண்டு நின்றாள். "இந்த மாசம் சீமெண்ணெய் லோடு வரலை, கரி அடுப்புதான்" என்று கடிதம் எழுதுவாள். வேறு குறை எதுவும் இருக்காது. பாப்பாவுக்குச் சளி, மாமாவுக்கு பிரஷர் மாத்திரை மாற்றினார்கள், முருங்கை காய்த்திருக்கிறது. முகவரியின் கடைசி வரி 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணாக இருக்கும். நான் எந்த மலையில் இருக்கிறேன் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நானும் பதிலில் சாப்பாடு நன்றாக இருக்கிறது, குளிர்தான் கொஞ்சம் அதிகம் என்று எழுதுவேன். மைனஸ் நாற்பது எல்லாம் கொஞ்சம்தானே.

அதற்கப்புறம் சாதாரண ராணுவக் குடும்ப வாழ்க்கை. ஜோர்ஹாட், பாக்டோக்ரா, சார்சாவா என்று மூட்டை கட்டிக்கொண்டே இருந்தோம். மரப்பெட்டிகளில் என் ரேங்க்கும் பெயரும் வெள்ளை பெயிண்ட்டில் எழுதியிருக்கும். பதவி உயரும்போது பழைய ரேங்க்கின் மேல் கறுப்பு அடித்துப் புதியதை எழுதுவாள் இவள். இன்றும் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் விங் கமாண்டருக்கு அடியில் ஸ்குவாட்ரன் லீடர் தெரிகிறார். பெட்டிக்குள் வைக்க முடியாத ஒரே சாமான் ஆட்டுக்கல். அதை அஸ்ஸாம் வரைக்கும் ரயிலில் கொண்டுபோன ஒரே அதிகாரி மனைவி இவள்தான் என்று மெஸ்ஸில் பேச்சு. அங்கே இட்லி சாப்பிட வராத பஞ்சாபி கிடையாது.

பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் படித்தார்கள். இந்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழில் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். ஊரிலிருந்து மாமனார் கட்டி அனுப்பும் பழைய வார இதழ்களை வைத்து இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். மகன் வங்கி வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. இவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

ரிட்டயர் ஆன பிறகு மிச்சமிருப்பது முதுகுவலியும் காதும். ஹெலிகாப்டர் பைலட்டுக்கு இரண்டும் பென்ஷன் மாதிரி, தவறாமல் வரும். மேல் ஸ்தாயிச் சத்தம் கேட்காது. குக்கர் விசில் எனக்குக் கிடையாது, மிக்ஸி உண்டு. "வேண்டியது மட்டும் கேட்கும்" என்கிறாள் இவள். காரை எடுக்கும் முன் சுற்றி வந்து டயரை உதைத்து, அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பேன். வாட்ச்மேன் இப்போது அவராகவே டார்ச் கொண்டுவந்து கொடுக்கிறார்.

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பிய எம்.ஐ.-17 குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உள்பட 14 பேர். மதியத்திலிருந்தே எனக்கு போன். எதனால் சார், சதியா சார் என்று. விசாரணை முடியட்டும் என்று வைத்துவிட்டேன். திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து திசை புலப்படாமல் மலையில் மோதியது என்று அடுத்த மாதம் விசாரணையில் சொன்னார்கள். நீலகிரிச் சரிவில் மேகம் ஏறுவதைப் பார்த்த எவருக்கும் அது ஆச்சரியமாக இருக்காது.

அன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டு இவள் பேச ஆரம்பித்தாள். நான் லேயில் இருந்த காலத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரரிடம் ரகசியமாக ஒன்று சொல்லி வைத்திருந்தாளாம். "அண்ணே, தந்தி ஏதும் வந்தா என் கையில கொடுக்காதீங்க. மாமாவைக் கூப்பிட்டுக் கொடுங்க." அவரும் சரிம்மா என்றிருக்கிறார். அன்றிலிருந்து வெறும் கடிதம் இருக்கும் நாளெல்லாம் தெருமுனையிலேயே சைக்கிள் மணியை அடித்து, "லெட்டர்தாம்மா, லெட்டர்தான்!" என்று கத்திக்கொண்டே வருவாராம். தெருவில் எல்லோரும் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்களாம். மணி அடிக்காமல் அவர் வந்த நாளும் உண்டா என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை, சைக்கிள் பஞ்சர் என்று தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் வந்தாராம். இவள் கொல்லைப்புறம் போய்த் துவைகல் மேல் உட்கார்ந்துவிட்டாளாம். அவர் கொண்டுவந்தது எல்.ஐ.சி. பிரீமியம் நோட்டீஸ்.

"இதை ஏன் அப்பவே எனக்கு எழுதலை?" என்றேன்.

"எழுதியிருந்தா? மலையிலேர்ந்து வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்திருப்பீங்களா?" என்றாள். "காலையில எல்.ஐ.சி. ஆபீஸ் போகணும்னீங்களே, அந்த பேப்பரை எடுத்து வச்சிட்டீங்களா?"