திரும்புறப்ப மட்டும் ஒரு 'டொக்'

மூணு வாரமா வண்டி பின்னாடி டொக்கு டொக்குனு சத்தம், நேரா போனா ஒண்ணுமில்ல, பார்க்கிங்ல ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா திரும்புறப்ப மட்டும் சீட்டுக்கு அடியில யாரோ முஷ்டியால குத்துற மாதிரி. மெக்கானிக் கேட்டவுடனே "கிரவுன் பினியன் போச்சுண்ணே"ன்னுட்டார். எனக்கு மனசு ஒப்பல, பின் அச்சுல இருக்கற அந்தப் பல்சக்கரத்துல பல்லு போயிருந்தா நேரா போறப்பவும் ஊளையிடணுமே?

வீலுக்குக் கல்லு வச்சு, நியூட்ரல்ல போட்டு, கீழ படுத்து இன்ஜின் சுத்தலப் பின்னாடி கொண்டுபோற ஷாஃப்ட்ட கையால முறுக்கிப் பார்த்தேன், அதோட மூட்டு, கிராஸ்ல ப்ளே (ஆட்டம்) இல்ல. அப்பதான் ஞாபகம் வந்துச்சு, போன சர்வீஸ்ல டிஃபரன்ஷியல் (ரெண்டு பின் வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கரப் பொட்டி) ஆயில் மாத்துனாங்க.

என் வண்டியில இருக்கறது கிளட்ச் பிளேட் வச்ச லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு வீல் மட்டும் சும்மா சுத்தாம பிளேட்டுங்க பிடிச்சுக்கும். திரும்புறப்ப வெளிப்பக்க வீல் அதிகமா சுத்தணும், அதுக்கு பிளேட்டுங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கணும். வெறும் 90 கியர் ஆயில் மட்டும் ஊத்துனா பிளேட் பிடிச்சுப் பிடிச்சு விடும், அந்த உதறல்தான் சத்தம். பிளேட்டுங்க பிடிக்காம வழுக்க ஃப்ரிக்ஷன் மாடிஃபையர்னு ஒண்ணு சேர்க்கணும் (சில ஆயில்ல கலந்தே வரும்), அத இவங்க ஊத்தவே இல்ல.

நானே ஆயில இறக்குனேன். மேல ஊத்துற நட்டு கழலுதான்னு பார்த்துட்டுதான் கீழ கை வைக்கணும், இல்லேன்னா பழைய ஆயில் போயிடும், புதுசு ஊத்த வழியில்லாம வண்டி அங்கயே நிக்கும். இரும்புத்தூளப் பிடிக்க உள்ள இருக்கற காந்தத்துல சாம்பல் கலர் பசை கொஞ்சம், அது நார்மல், துண்டு துண்டா வந்திருந்தாதான் வயித்துல புளியக் கரைச்சிருக்கும். புது ஆயில், மாடிஃபையர் ஊத்தி, பிளேட்டுக்குள்ள இறங்கட்டும்னு காலி கிரவுண்டுல எட்டு போட்டேன், பத்தாவது எட்டுலயே சத்தம் அடங்கிருச்சு. வாட்ச்மேன்தான் வந்து, லைசென்ஸுக்குப் பழகறீங்களா சார்னு கேட்டார்.