சோடாவும் மருந்து, ஹார்லிக்ஸும் மருந்து

போன வாரம் திருவையாறுல சொந்தக்காரங்க வீட்டு கல்யாணம், அசோகா அல்வா ரெண்டு கரண்டி கூடவே வாங்கிட்டேன், பஸ் ஏறுறதுக்குள்ள வயிறு திம்முன்னு ஆயிடுச்சு. அப்பா இருந்திருந்தா நேரா சோடா கடைக்குத்தான் இழுத்துட்டு போயிருப்பார், நானும் அதையேதான் செஞ்சேன். அரை மூடி எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு, கோலிய உள்ள அமுக்குனதும் கீச்சுன்னு ஒரு சத்தம், நுரை டம்ளர் விளிம்புல பொங்கி கடைக்காரர் கையெல்லாம் வழியுது, "சட்டுன்னு குடிச்சிடுங்க தம்பி, ஏப்பம் வந்துரும்"னார். வந்துச்சு.

சோடாவே மருந்துன்னு நம்பித்தான் ஆரம்பிச்சிருக்காங்க. 1767ல இங்கிலாந்துல ப்ரீஸ்ட்லிங்கறவர் பீர் தொட்டிக்கு மேல தண்ணிய வெச்சு கேஸ் ஏத்திப் பார்த்திருக்கார், இது கப்பல்காரங்களுக்கு வர்ற ஸ்கர்வி நோய தீர்க்கும்னும் நம்பியிருக்கார், ஆனா அது தீர்க்கல. கோகோ கோலா 1886ல அட்லாண்டா மருந்துக்கடையில கிளாஸ் 5 சென்ட்டுக்கு வித்தது, அத உண்டாக்குன பெம்பர்டனே மருந்து தயாரிக்கிறவர், தலைவலிக்கு நல்லதுன்னு சொல்லித்தான் வித்தார். செவன் அப்ல 1948 வரைக்கும் லித்தியம் இருந்துச்சு, மனநோய்க்கு குடுக்குற அதே லித்தியம்!

ஹார்லிக்ஸும் அப்படித்தான், 1873ல சிகாகோல கம்பெனி ஆரம்பிச்சப்போ குழந்தைங்களுக்கும் நோயாளிங்களுக்கும்னுதான் மால்ட் மாவு செஞ்சாங்க. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிக்கு ஆள் பாக்கப் போனா ஒரு பாட்டில், நாலு ஆப்பிள், அது இல்லாம போனா மரியாதையே இல்லன்னு ஆயிடுச்சு.

எனக்கு மனசுல உறுத்துறது இதுதான். அப்பாவுக்கு சுகர், ஆனா ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தப்போ தெம்பு வரணும்னு நாங்களே ஏதோ ஒரு மால்ட் பவுடர தினம் மூணு வேளை, மேல ரெண்டு ஸ்பூன் சக்கரையும் போட்டு ஆத்திக் குடுத்தோம், சத்து பானம்னு எழுதியிருந்துச்சே, யாரும் பின்பக்கம் திருப்பிப் பாக்கல. புண்ணு ஆற எவ்ளோ நாள் ஆச்சுன்னு எங்க வீட்டுக்குத்தான் தெரியும். மருந்துன்னு பேர் வந்துட்டா அதுல இருக்குற இனிப்பு நம்ம கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது.

இப்ப மாமாவுக்கு கும்பகோணத்துல ஆபரேஷன். பாட்டில் எதுவும் வாங்கல, அத்தைக்கு போன் பண்ணி டாக்டர் என்ன குடுக்கச் சொன்னார்னு கேட்டேன். குழைஞ்ச கஞ்சியும் பருப்புத் தொவையலும்னாங்க. நாளைக்கு தூக்குல எடுத்துட்டு போறேன்.