பறிக்காத பந்துகள்: ஒரு பிரெஸ்ஸிங் நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

நேற்றிரவு மியூனிக்கில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் (பிஎஸ்ஜி) அணி இன்டர் மிலானை 5-0 என்று துவம்சம் செய்துவிட்டது. ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் ஒன்றில் இத்தனை பெரிய வித்தியாசம் இதற்கு முன் வந்ததில்லை. எல்லோரும் டூவே அடித்த இரண்டு கோல்களைப் பற்றிப் பேசுகிறார்கள். என் கண்ணுக்குள் நிற்பது பிஎஸ்ஜி ஃபார்வர்டு டெம்பெலே நின்ற நிலை. இன்டர் கீப்பர் சோமர் கோல் கிக்குக்குப் பந்தை வைக்கும்போதெல்லாம் அவர் பெனால்டி ஏரியாவின் விளிம்புக்கே வந்து, உடம்பை முன்னால் சாய்த்து, பந்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நிற்கிறார். சோமர் இடதுபக்கம் பார்க்கிறார், வலதுபக்கம் பார்க்கிறார், கடைசியில் தூக்கி அடிக்கிறார்.

ஐந்து கோல்களையும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட சோமரின் காலடியிலிருந்து பறித்தது இல்லை. ஆனால் பின்னாலிருந்து பாஸ் பாஸாகக் கட்டி எழுப்பும் இன்டர் நேற்று அந்த ஆட்டத்தைத் தொடங்கவே இல்லை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருதை டெம்பெலேவுக்குத்தான் தருவேன், அவர் தடுத்த விதத்துக்காகவே தருவேன் என்று பிஎஸ்ஜி கோச் லூயிஸ் என்ரிகே ஆட்டம் முடிந்ததும் சொன்னார். ஃபார்வர்டு ஒருவரைப் பற்றி ஒரு கோச் இப்படிப் பேசுகிற காலம் இது.

சீசன் முடிந்துவிட்டது. அடுத்த சில வாரங்களுக்குப் பழைய ஆட்டங்களை எடுத்து பிரெஸ்ஸிங்கை, அதாவது பந்து வைத்திருக்கும் எதிரணியை முன்னேறி நெருக்குவதை மட்டும் பார்ப்பதாக உத்தேசம்.

ஜூன் 3, செவ்வாய்

லிவர்பூல் 4, பார்சிலோனா 0. மே 7, 2019, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முதல் கட்ட ஆட்டத்தில் 0-3 என்று தோற்ற லிவர்பூல் அன்று ஆன்ஃபீல்டில் திருப்பிக் கொடுத்தது. எல்லோரும் கொண்டாடுவது கடைசி கோலைத் தந்த அந்தக் கார்னரை. நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தது 54-வது நிமிடத்தை.

லிவர்பூலின் அலெக்சாண்டர்-ஆர்னால்டு வலது ஓரத்தில் பந்தை இழக்கிறார். தலையில் கை வைக்கவில்லை, நடுவரைப் பார்க்கவில்லை. அடுத்த நொடியே பார்சிலோனாவின் ஜோர்டி ஆல்பாவின் மேல் பாய்ந்து பறித்து, தாழ்வாக உள்ளே அடிக்கிறார். வைனால்டம் ஓடி வந்து கோல். முதல் கோலிலும் இதே ஆல்பாதான்: தலையால் பின்னுக்குத் தள்ளிய பந்தை மானே மறித்து எடுத்தார்.

இழந்த இடத்திலேயே இழந்த உடனே பந்தைத் திரும்ப எடுப்பது. ஜெர்மானியர்கள் கெகன்பிரெஸ்ஸிங் என்று பெயர் வைத்தது இதற்குத்தான். எந்தப் பிளேமேக்கராலும் நல்லதொரு கெகன்பிரெஸ்ஸிங் அளவுக்கு வாய்ப்பை உருவாக்க முடியாது என்பது அன்றைய லிவர்பூல் கோச் கிளாப் அடிக்கடி சொன்ன விஷயம். காரணமும் இருக்கிறது. பந்தைக் கைப்பற்றியவரின் கண் அந்தக் கணத்தில் பந்தில்தான் இருக்கும், சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார். அவருடைய கூட்டாளிகளோ ‘பந்து நமதாயிற்று’ என்று விரிந்து ஓடத் தொடங்கியிருப்பார்கள். ஒரு அணி தாக்குதலுக்கும் தடுப்புக்கும் நடுவே எதிலும் இல்லாமல் தொங்கும் நேரம் அது. குவார்தியோலாவின் பார்சிலோனாவுக்கு 5 விநாடிக் கணக்கு, ஜெர்மன் கோச் ராங்னிக்குக்கு 8 விநாடி. பயிற்சியில் கடிகாரத்தை டிக் டிக் என்று ஓடவிட்டே பழக்கினார் ராங்னிக்.

ஜூன் 5, வியாழன்

பிபிடிஏ (ஒரு தடுப்புச் செயலுக்கு எத்தனை பாஸ்) என்றொரு அளவுகோல் புழங்குகிறது. எதிரணி தன் கோல் பக்கமாக உள்ள 60 சதவீத மைதானத்தில் போடும் பாஸ்களை, அதே பகுதியில் நாம் செய்யும் டேக்கிள் (பந்தைப் பறிப்பது), இன்டர்செப்ஷன் (பாஸை மறிப்பது), ஃபவுல் ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எண் சிறிதானால் பிரெஸ்ஸிங் கடுமை என்று அர்த்தம். நல்ல அளவுகோல்தான். ஆனால் பந்துக்காகப் பாய்ந்த செயல் மட்டும்தான் அதில் ஏறும். டெம்பெலே அந்த விளிம்பில் வெறுமனே நின்றதால் சோமர் போடாமல் விட்ட பாஸ் எந்தக் கணக்கிலும் வராது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று முழுக்க லிவர்பூல் ஃபார்வர்டு ஃபிர்மினோதான். 2018, 2019 லிவர்பூல் ஆட்டங்கள் சிலவற்றில் பந்து எங்கே போனாலும் அவரை மட்டும் பார்த்தேன்.

அவர் நேராக ஓடுவதே இல்லை. எதிரணியின் நடுத் தடுப்பாளரான சென்டர் பேக்கை நோக்கி வளைந்து ஓடுகிறார். அந்த வளைவில்தான் சூட்சுமம். பந்து வைத்திருப்பவருக்கும், அவர் பாஸ் கொடுக்க நினைக்கும் மிட்ஃபீல்டருக்கும் இடையே தன் உடம்பைப் போட்டபடி ஓடினால் அந்த மிட்ஃபீல்டர் ஃபிர்மினோவின் நிழலுக்குள் போய்விடுகிறார். ஒரே ஆள் இரண்டு பேரைத் தடுத்தாயிற்று. சென்டர் பேக்குக்கு இப்போது மிச்சம் ஓரத்தில் நிற்கும் ஃபுல் பேக் மட்டுமே. அந்தப் பாஸுக்காகத்தான் மானேயோ சாலாவோ காத்திருக்கிறார். கபடியில் பாடி வருபவருக்கு ஒரு மூலையைத் திறந்து காட்டி, அங்கே வைத்து மடக்குவது மாதிரி. மைதானத்தின் பக்கக்கோடான டச்லைன் யாருக்கும் பாஸ் கொடுக்காது, ஆனால் தடுக்கும் அணிக்கு அதுதான் பன்னிரண்டாவது ஆள்.

எப்போது பாய வேண்டும் என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. பந்து காலைவிட்டு ஓரடி கூடுதலாகத் தள்ளிப் போவது. பந்து வாங்குபவர் தன் கோலைப் பார்த்தபடி நிற்பது. மெதுவாக உருண்டு போகும் பேக் பாஸ். இவற்றில் ஒன்றைக் கண்டதும் ஐந்தாறு பேர் சேர்ந்து நகர வேண்டும். ஒருவர் மட்டும் ஓடினால் அது வெறும் வேர்வை. எதிரணி அவரைச் சுற்றி இரண்டு பாஸ் போட்டுவிட்டுச் சிரிக்கும்.

ஆனால் இவையெல்லாம் முன்வரிசை சமாச்சாரம். பிரெஸ்ஸிங்கின் விலையைக் கொடுப்பது பின்வரிசை. கடைசி டிஃபென்டருக்கும் சென்டர் ஃபார்வர்டுக்கும் இடையே 25 மீட்டர்தான் இருக்க வேண்டும் என்றார் கோச் சாக்கி, 1980களின் கடைசியில், மிலானில். மைதானத்தின் நீளம் 105 மீட்டர். முன்வரிசை மேலே ஏறியபின் பின்வரிசை கீழேயே நின்றால் நடுவில் பெரிய வயல்வெளி விழும். ஒரே பாஸில் பிரெஸ் செத்துவிடும். அதனால் டிஃபென்டர்கள் நடுக்கோடு வரைக்கும் ஏறி வருகிறார்கள். அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நாற்பது, ஐம்பது மீட்டர் காலி இடம். இதைத் தாங்கிப் பிடிப்பது, பாஸ் வரும் கணத்தில் ஃபார்வர்டு கடைசி டிஃபென்டரைத் தாண்டி நிற்கக் கூடாது என்கிற ஆஃப்சைடு விதி. எதிரணி ஃபார்வர்டு தன் பாதிக்குள் நின்றால் ஆஃப்சைடு கிடையாது என்பதால் நடுக்கோட்டோடு அந்தக் காப்பும் முடிந்துவிடுகிறது. ஆஃப்சைடு விதி இல்லையென்றால் இப்படி மேலேறி நெருக்கும் ஹை பிரெஸ் என்ற ஒன்றே பிறந்திருக்காது என்பது என் எண்ணம்.

கடந்த அக்டோபரில் பெர்னபெவில் ஃபிளிக்கின் பார்சிலோனா ரியல் மாட்ரிட்டை 4-0 என்று அடித்தபோது மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடு வலையில் விழுந்தது. அதில் எம்பாப்பே மட்டும் 8. அதே பார்சிலோனா இந்த மே மாதம் இன்டரிடம் இரண்டு ஆட்டங்களில் 7 கோல் வாங்கி வெளியேறியது. மேலேறி நிற்கும் பின்வரிசை, எந்த ஹை லைன் கொடுத்ததோ அதுவேதான் எடுத்தது.

ஜூன் 10, செவ்வாய்

இதை நவீனக் கண்டுபிடிப்பு என்பவர்களுக்கு: 1960களில் டைனமோ கீவில் கோச் விக்டர் மாஸ்லோவ், 1970களில் ரினுஸ் மிகல்ஸின் அயாக்ஸும் நெதர்லாந்தும், பிறகு மறுபடி கீவில் கோச் லோபனோவ்ஸ்கி. அந்த லோபனோவ்ஸ்கியின் கீவ் அணியோடு 1980களில் ஒரு நட்பு ஆட்டம் ஆடிய இளம் ராங்னிக், எதிரே ஆள் கூடுதலாக நிற்கிறதோ என்று சந்தேகப்பட்டுத் தலையை எண்ணிப் பார்த்தாராம். எண்ணினால் பதினொன்றுதான். பிரெஸ்ஸிங்குக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

ஜூன் 14, சனி

விதிகள் ஒவ்வொன்றும் பிரெஸ்ஸிங்குக்குத் தீனி போட்டிருக்கின்றன. கூட்டாளி காலால் தரும் பேக் பாஸைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992-ல் வந்தது. அதுவரை துரத்தி என்ன பயன், கீப்பர் குனிந்து எடுத்துக்கொள்வார். 2019-ல் கோல் கிக் பெனால்டி ஏரியாவைத் தாண்டிப் போக வேண்டியதில்லை என்றானது. பின்னாலிருந்து ஆடுகிற அணிகளுக்குச் சலுகை என்று பார்த்தால், பந்து கோலுக்கு இன்னும் பக்கத்தில் புழங்கத் தொடங்கியது. பறித்தால் பத்து பதினைந்து மீட்டரில் கோல். 2020-ல் ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஒரு மணி நேரம் மாடாக ஓடிய முன்வரிசையை மொத்தமாக மாற்றலாம்.

எதிர்மருந்தும் கூடவே பிறந்தது. பிரைட்டனில் கோச் டி செர்பியின் சென்டர் பேக்குகள் பந்தின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். வா, வந்து பறி என்று அழைப்பு. எதிரணி பொறுமையிழந்து பாய்ந்த மறுகணம் அது விட்டுவந்த இடத்துக்குப் பாஸ் போகும். பிரெஸ்ஸுக்கே தூண்டில் போடும் வேலை. பார்க்க அழகு, நம் அணி அதைச் செய்தால் நெஞ்சு அடைத்துவிடும்.

ஜூன் 16, திங்கள்

கிளப் உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. பாசடேனாவில் நட்டநடுப் பகல் வெயிலில் பிஎஸ்ஜி 4, அட்லெடிகோ மாட்ரிட் 0. அந்த வெக்கையில் கால் விரல்கள் வலித்தன என்று அட்லெடிகோவின் யோரென்டே புலம்பியிருக்கிறார். பந்தைத் துரத்துவதைவிடப் பந்தை வைத்துக்கொண்டு எதிரணியைத் துரத்தவிடுவது லாபம் என்று பிஎஸ்ஜிக்குத் தெரிந்திருந்தது.

களைப்பு பிரெஸ்ஸை என்ன செய்யும் என்பதற்கு பியெல்சாவின் லீட்ஸைப் பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் ஐந்து லீக் ஆட்டங்களில் 20 கோல் வாங்கினார்கள். ஆளுக்கு ஆள் பிடித்துத் துரத்தும் முறை அது. காயத்தாலும் அசதியாலும் ஒருவர் அரை நொடி தாமதித்தால் அடுத்தவர் தன் ஆளை விட்டுவிட்டு ஓட வேண்டும், பிறகு அவருக்கு அடுத்தவர். மாதம் முடிவதற்குள் பியெல்சாவை அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பொட்டாஃபோகோ 1, பிஎஸ்ஜி 0! இகோர் ஜெசுஸ் 36-வது நிமிடத்தில்.

நண்பன் உடனே செய்தி அனுப்பினான்: “என்னடா, உன் பிரெஸ்ஸிங் எங்கே போச்சு?” கேள்வி நியாயம்தான். பிரேசில் அணியான பொட்டாஃபோகோ பந்தை வைத்துக்கொள்ளவே விரும்பவில்லை. கீழே இறங்கிக் கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டது. பந்து வேண்டாம் என்பவரிடமிருந்து எதைப் பறிப்பது? 2016-ல் லெஸ்டர் இங்கிலாந்து லீக் பட்டம் வென்றதும், 2022 பாரிஸ் இறுதியாட்டத்தில் மாட்ரிட் லிவர்பூலை 1-0 என்று முடித்ததும் இந்த ரகம்தான். அன்று மாட்ரிட் கீப்பர் கோர்த்வா கோலில் நின்ற நிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வெறும் உத்தி என்று கதை விடக் கூடாது.

அவனுக்குப் பதிலாக, அட்டலாண்டா போன ஆண்டு என்ன செய்தது என்று எழுதி அனுப்பினேன். 51 ஆட்டங்கள் தோற்காமல் வந்த லெவர்குசன் யூரோப்பா லீக் இறுதியில் அட்டலாண்டா கோச் காஸ்பெரினியின் ஆளுக்கு-ஆள் பிரெஸ்ஸில் மூச்சுத் திணறி 0-3 என்று விழுந்தது. லெவர்குசனுக்குப் பந்து வேண்டும், அதனால் பிடிபட்டது. அவன் ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டான்.

ஜூலை 10, வியாழன்

கிளப் உலகக் கோப்பை அரையிறுதி, பிஎஸ்ஜி 4, ரியல் மாட்ரிட் 0. ஆறாவது நிமிடம் மாட்ரிட்டின் அசென்சியோ பந்தை வைத்துக்கொண்டு யோசித்தார், டெம்பெலே தட்டிப் பறித்தார், ஃபேபியன் ரூயிஸ் கோல் போட்டார். ஒன்பதாவது நிமிடம் ரூடிகர் காலுக்குப் பந்து சிக்கவில்லை, டெம்பெலேவே தனியாக ஓடிப் போய் அடித்தார். மியூனிக்கில் வராத கோல்கள் இங்கே வந்தன. ஆனால் நான் இந்த ஆட்டத்தைவிட மியூனிக்கையே உயர்வாக மதிப்பேன். நேற்று மாட்ரிட் தடுமாறியது. அன்று இன்டர் எதையும் செய்து பார்க்கவே அனுமதிக்கப்படவில்லை.

ஜூலை 14, திங்கள்

இறுதியாட்டம், செல்சீ 3, பிஎஸ்ஜி 0. மூன்றும் இடைவேளைக்கு முன்பே.

முதல் கோலை மட்டும் எழுதி வைக்கிறேன். செல்சீ கீப்பர் சான்செஸ், பிஎஸ்ஜி முன்வரிசை எதிர்பார்த்துக் காத்திருந்த குட்டைப் பாஸைப் போடவில்லை. வலது ஓரத்துக்கு நீளமாகத் தூக்கி அடித்தார். பிஎஸ்ஜி டிஃபென்டர் நூனோ மென்டெஸ் பந்தைக் கணிக்கத் தவற, அவர் முதுகுக்குப் பின்னால் செல்சீயின் குஸ்டோ. குஸ்டோவின் அடி தடுக்கப்பட்டுத் திரும்ப அவரிடமே வர, உள்ளே நின்ற பால்மருக்குத் தள்ளினார். கோல். இரண்டாவதும் அதே பக்கம்: கோல்வில்லின் நீளப் பாஸ், மறுபடி பால்மர்.

சோமர் வேறு வழியில்லாமல் தூக்கி அடித்தார். சான்செஸ் எங்கே அடிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அடித்தார். செல்சீயும் சும்மா உட்காரவில்லை. தொடக்கத்திலேயே ஆளுக்கு ஆள் பிடித்து பிஎஸ்ஜியை நெருக்கியது. அந்த முதல் பத்து நிமிடத்தில்தான் ஆட்டத்தை வென்றோம் என்கிறார் செல்சீ கோச் மரெஸ்கா.

மென்டெஸ் பத்து மீட்டர் கீழே நின்றிருக்கலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். நின்றிருந்தால் குஸ்டோவுக்கு இடம் கிடைத்திருக்காது, சரி. ஆனால் அவருக்கு முன்னால் ஆடும் க்வரட்ஸ்கேலியா தனியாகத் துரத்த வேண்டியிருக்கும், செல்சீ அவரைச் சுற்றிக் குட்டைப் பாஸிலேயே வெளியே வந்திருக்கும். அந்தப் பத்து மீட்டரை எந்தப் பக்கம் கொடுப்பது என்று லூயிஸ் என்ரிகே அடுத்த சீசனுக்கு முன் முடிவு செய்ய வேண்டும்.