ரேடியேட்டர் ஃபேன் மோட்டார்: வீட்டிலேயே சோதித்துப் பார்த்தது

நான்குவழிச் சாலையில் போகும்போது டெம்பரேச்சர் முள் அசையாது. வண்ணாரப்பேட்டை நெரிசலில் நின்றால் மட்டும் மேலே ஏறும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், நிற்கும்போதுதான் ஃபேன் தேவை. கூலன்ட் அளவும் சரியாக இருந்ததால் சந்தேகம் நேராக ஃபேன் மேல் போனது.

பெரும்பாலான வண்டிகளில் ஏசியைப் போட்டாலே ஃபேன் சுற்ற வேண்டும். என் வண்டியில் சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ஃபேன் ரிலேயைக் கழற்றி, அதே எண் போட்ட ஹார்ன் ரிலேயோடு இடம் மாற்றினேன். ஹார்ன் அடித்தது, ஃபேன் அசையவில்லை. சரி, ரிலே மேல் குற்றமில்லை.

அடுத்து மோட்டாரின் கனெக்டர். மல்டிமீட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு, துருப்பிடித்த ஒயரிலும் வோல்ட் காட்டும். அதனால் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை அங்கே கொடுத்தேன். பளிச்சென்று எரிந்தது. ஒயரும் எர்த்தும் தப்பித்தன.

இனி மோட்டார்தான். எஞ்சின் ஆறியபின், சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேர் சப்ளை கொடுத்தேன், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸோடு. மெல்லிய ஒயர் வேண்டவே வேண்டாம், சூடாகி உருகிவிடும். ஃபேன் நகரவில்லை. வேப்பங்குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளியதும் சுற்ற ஆரம்பித்தது! விரலை மட்டும் யாரும் அங்கே கொண்டு போகாதீர்கள்.

கழற்றிப் பிரித்தால் உள்ளே எல்லாம் கரித்தூள். சுற்றும் பாகத்துக்கு உரசியபடி கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுகளான கார்பன்களில் ஒன்று அடிவரை தேய்ந்து, ஸ்பிரிங் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கார்பன் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். வைண்டிங் கடை அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்பன் போட்டுத் தாரேன், ஆனா ரொம்ப நாள் நிக்காது, பாத்துக்கிடுங்க" என்றார். புது மோட்டாரே வாங்கிவிட்டேன்.

மாட்டிய பிறகு சுற்றும் திசையைப் பார்ப்பது முக்கியம். பிளஸ் மைனஸ் மாறினால் காற்று எதிர்ப்பக்கம் தள்ளும். என் வண்டியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருப்பதால், முன்னால் ஒரு தினசரித் தாளைப் பிடித்தேன், இழுத்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டேன். முள் ஏறியது, ஃபேன் வந்தது, முள் இறங்கியது. ஃபேன் கூட்டில் ஒரு கிளிப் உடைந்திருக்கிறது, இப்போதைக்கு கேபிள் டை போட்டிருக்கிறேன்.